சூக்கில இருந்து சூமில: ரீச்சர் பிள்ளைக்குப் பெரியப்பா சொல்லுற புத்தி

பிள்ளை, நீ சூமில இங்கிலீசு படிப்பிக்கிறாய் எண்டு கேள்விப்பட்டு எனக்கு நல்ல சந்தோசம். எங்கடை காலத்தில வகுப்பில நித்திரை கொள்ளுறதெண்டால் கடைசி வாங்கு வேணும், முன்னுக்கு ஒரு தடிச்ச பெடியன் இருக்க வேணும், வாத்தியாருக்குக் கண் கொஞ்சம் மங்கலா இருக்க வேணும். இப்ப கமராவை நிப்பாட்டினால் காணும். கல்வி இவ்வளவு முன்னேறும் எண்டு ஆர் கண்டது!

அதோடை நீ 'குழுச் செயற்பாடு' எண்டு ஒண்டும் வைக்கிறியாம். பன்னிரண்டு பேரை மூண்டு அறைக்குள்ளை பிரிச்சு விட்டுட்டு, பத்து நிமிசம் தேத்தண்ணி குடிக்கப் போறியாம். அருமையான ஏற்பாடு. உனக்கு இளைப்பாற நேரம், அவையளுக்கு வட்ஸ்அப் பாக்க நேரம். ரண்டு பகுதிக்கும் இப்பிடி லாபம் வாற வியாபாரத்தை சுவிஸில இந்தச் சூக் நகரத்தில இருக்கிற பெரிய கொம்பனிக்காரரே இன்னும் கண்டுபிடிக்கேல்லை.

கோவியாதை. பெரியப்பன் தோட்டக்காரன், பத்தாம் வகுப்போடை மண்வெட்டி தூக்கினவன், இவருக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீ நினைக்கிறது விளங்குது. ஒண்டும் தெரியாதுதான். தெரியாதவனிட்டைப் புத்தி கேக்கிறதில ஒரு வசதி இருக்கு, கண்டியோ: பிழைச்சால் பழியை என்ரை தலையில போடலாம், சரிவந்தால் உன்ரை கெட்டித்தனம் எண்டு சொல்லலாம்.

நாங்கள் எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு இஞ்சை வந்திறங்கேக்கை இங்கிலீசு ஆருக்கு வேண்டிக்கிடந்தது? ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவுறதுக்கு 'ஷ்னெல், ஷ்னெல்', அதாவது 'கெதியா, கெதியா' எண்டது விளங்கினால் காணும். இப்ப அப்பிடியில்லை. பக்கத்து ஊர் பாரில கிளென்கோர் கொம்பனி, றொட்குறொய்ஸில றோஷ் கொம்பனி, சூக்கைச் சுற்றிக் 'கிறிப்டோ பள்ளத்தாக்கு' எண்டு பேர் வச்சுக்கொண்டு ஒரு கூட்டம். 2016 இல சூக் நகரசபை 200 பிராங் வரைக்குமான கட்டணத்தைப் பிட்காயினில வாங்கத் தொடங்கினது. பள்ளிக்கூடத்தில மூண்டாம் வகுப்பில இங்கிலீசு தொடங்குது, அஞ்சாம் வகுப்பில பிரெஞ்சு. தெருவில சுவிஸ் ஜேர்மன், கொப்பியில எழுத்து ஜேர்மன். எங்கடை பிள்ளையளுக்கு இதுக்கு மேலாலை தமிழ்ப் பள்ளிக்கூடம் வேறை. இவ்வளவு பாசை ஓடுற ஊரில இருந்து நடத்துற உன்ரை அறையளுக்குள்ளை மட்டும் ஒரு பாசையும் ஓடேல்லை எண்டால், அது லேசுப்பட்ட சாதனையில்லை.

நான் புழுகிறன் எண்டு நினையாதை. போன கிழமை உன்ரை மச்சாள் உன்ரை வகுப்பில இருக்கேக்கை நான் பக்கத்தில இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தனான். நீ நாலு பேரை ஒரு அறைக்குள்ளை தள்ளி, 'பிட்காயின் நல்லதோ கெட்டதோ, கலந்துரையாடுங்கோ' எண்டு சொல்லிப்போட்டு மறைஞ்சிட்டாய். உள்ளுக்கை நடந்ததைச் சொல்லுறன், கேள்.

'ஹலோ, கேக்குதோ?'

'யெஸ்.'

'யூ?'

'யெஸ்.'

பிறகு ஒரு நிமிசம் ஆரும் மூச்சு விடேல்லை. நான் உரிக்கிற வெங்காயத்தோல் சத்தம்தான் கேட்டுது.

'ஐ திங்க் குட்.'

'மீ டூ.'

முடிஞ்சுது அலுவல். உலகப் பொருளாதாரத்தின்ரை தலைவிதியை ரண்டு வசனத்தில தீர்த்துப்போட்டு, மிச்ச நேரம் முழுக்க லுசேர்னில இருக்கிற பிள்ளை கிளிநொச்சிப் பெடியனிட்டை, 'அங்கை மழையோ?' எண்டு தமிழில கேட்டுது. ஓம், மழையாம். கிணறு முட்டிப்போச்சாம். வயலுக்குள்ளை இறங்க ஏலாதாம். எத்தனை நாளா எண்டு இவள் கேக்கிறாள், அவன் சொல்லுறான், மற்ற ரண்டு பேரும் இடையில விழுகினம். அந்தக் கதை என்ன வடிவாப் போச்சுது தெரியுமோ! ஏனெண்டு யோசி. அங்கை மழை பெய்யுதோ இல்லையோ எண்டது அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். பிட்காயினைப் பற்றி அந்த அறையில இருந்த நாலு பேருக்கும் ஒரே அளவுதான் தெரியும், அதாவது ஒண்டுமில்லை. அப்ப ஆர் ஆரைக் கேக்கிறது, என்னத்தைக் கேக்கிறது?

முன்னூற்றுநாலு விளையாட்டு உனக்குத் தெரியும். கொப்பரும் நானும் சோடி சேர்ந்தால் ஊரில ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம், அது வேறை கதை. நாலு பேர், ஆளுக்கு எட்டுக் கடதாசி. துரும்பைக் கவிட்டு வச்சிருப்பினம். என்ரை கையில இருக்கிறது உனக்குத் தெரியாது, உன்ரை கையில இருக்கிறது எனக்குத் தெரியாது. அதாலைதான் ராராவா இருந்து விளையாடுறது. எல்லாரும் கடதாசியை நிமித்தி வச்சால் அஞ்சு நிமிசத்தில எழும்பிப் போயிடுவினம். இந்த ஊர்க்காரரும் இதே மாதிரி 'யாஸ்' எண்டு ஒண்டு விளையாடுகினம். முப்பத்தாறு கடதாசி, ஆளுக்கு ஒன்பது. அதில துரும்பு வந்தால் ராசாவை விட 'பூர்' எண்ட கமக்காரன்தான் பெரியவன். எனக்கு இந்த ஊர் பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உன்ரை குழுவேலைக்கும் சட்டம் இதுதான். ஒவ்வொருத்தன்ரை கையிலயும் மற்றவனுக்குத் தெரியாத ஒண்டு இருக்க வேணும். அதைக் கேட்டு வாங்காமல் மற்றவனுக்கு அலுவல் முடியக் கூடாது. கடைசியில எண்ணிப் பாக்க ஒரு கணக்கு இருக்க வேணும். நீ கடதாசி பிரிச்சுப் போடுற ஆள். பிரிச்சுப் போட்டுட்டு, எட்டி எட்டிப் பாத்து 'அதைப் போடு, இதைப் போடு' எண்டு சொல்லுற ஆளை ஊரில என்ன செய்யிறவை எண்டு கொப்பரைக் கேள்.

இதை நான்தான் கண்டுபிடிச்சனான் எண்டு நீ சொன்னால் மறுக்கமாட்டன். ஆனால் மதராசில பிரித்தானிய கவுன்சிலில வேலை செய்த என். எஸ். பிரபு எண்டவர் எனக்கு முந்தியிட்டார். 1979 தொடக்கம் 1984 வரைக்கும் பெங்களூர், மதராஸ் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில அவர் ஒரு பரிசோதனை நடத்தினவர். இலக்கணத்தை வரிசைப்படி தீத்துறதை விட்டுட்டு, ரெயில் நேர அட்டவணையும் வரைபடமும் குடுத்து, அதை வச்சுக் கணக்குத் தீர்க்கச் சொன்னவர். மனம் வேலையில போனால் பாசை பின்னாலை வரும் எண்டது அவற்றை எண்ணம். 1987 இல அதைப் புத்தகமாவும் எழுதினவர். பேத்தி படிப்புக்கு வாங்கினது. மேசையின்ரை ஒரு கால் கட்டை, அண்டைகுடுக்க அளவா ஏதும் இருக்கோ எண்டு தேடேக்கை என்ரை கையில அம்பிட்டுது. பிறகு அவளையே வாசிச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டனான்.

அந்த மனிசன் வேலையளை மூண்டாப் பிரிக்கிறார். ஒருத்தனிட்டை இருக்கிற தகவலை மற்றவனுக்குக் கடத்துறது ஒண்டு. இருக்கிற தகவலை வச்சு யோசிச்சு முடிவுக்கு வாறது இன்னொண்டு. தன்ரை விருப்பத்தை, அபிப்பிராயத்தைச் சொல்லுறது மூண்டாவது. அவருக்கு நடுவில இருக்கிறதிலதான் பிடிப்புக் கூட. நீ என்ன செய்தனி? முதல் ரண்டிலயும் கால் வைக்காமல் நேரை மூண்டாவதில பாய்ஞ்சனி. சொந்தத் தாய்மொழியிலயே அபிப்பிராயம் கேட்டால் 'பறவாயில்லை' எண்டு சொல்லுற சனம் நாங்கள். இங்கிலீசில கேட்டால் 'ஐ திங்க் குட்' தான் வரும்.

அப்ப என்ன செய்யலாம்? தூரத்துக்குப் போகாதை, வீட்டுக்குப் பின்னாலை நிக்கிற சுகேர்பேர்க் மலையை எடு. பஸ்ஸில ஷோனெக் வரைக்கும் போய், அங்கை இருந்து 1907 தொடக்கம் ஓடுற கயிற்று ரெயிலில ஏற வேணும். மூண்டு பேரை ஒரு அறைக்குள்ளை விடு. ஒருத்தியிட்டை பஸ் நேரம் மட்டும். ரண்டாமாளிட்டை கயிற்று ரெயில் நேரமும் ரிக்கற் விலையும். மூண்டாவது, உன்ரை கிளிநொச்சிப் பெடியனிட்டை ஒரு ஆச்சி: முழங்கால் நோ, வெய்யில் ஒத்துக்கொள்ளாது, அஞ்சு மணிக்குக் குளிசை போட வேணும், கையில நாப்பது பிராங். நேரமும் விலையும் நீ கட்டிவிடலாம், உண்மையா இருக்க வேணும் எண்டில்லை. கேள்வி ஒண்டே ஒண்டு: ஆச்சி எத்தனை மணிக்கு வெளிக்கிட்டு எத்தனை மணிக்குத் திரும்ப வேணும், கையில எவ்வளவு மிஞ்சும்?

இனி உள்ளுக்கை காதைக் குடு.

'வட் டைம் பஸ்?'

'டென் டென்.'

'ட்ரெயின் டென் ஃபிஃப்டீன். ஹவ் மெனி மினிட் பஸ்?'

'ட்வெல்வ்.'

'நோ, நோ! தென் வீ மிஸ்!'

அந்த 'தென் வீ மிஸ்' எண்டது இருக்கே, அதுக்குத்தான் பிள்ளை நீ சம்பளம் வாங்கிறாய். ஒருத்தரும் அவளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் குடுக்கேல்லை. ஆச்சி ரெயிலை விடப்போறா எண்ட பதகளிப்பில தானா வந்து விழுந்தது. இலக்கணம் கொஞ்சம் நொண்டுதுதான். ஆச்சியும்தான் நொண்டுறா, ரண்டு பேரும் மலைக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

ஏன் அந்தப் பெடியனுக்கு ஆச்சியைக் குடுத்தது எண்டு கேட்கேல்லையே? உனக்குப் பின்னேரம் ஆறு மணி எண்டால் அவனுக்குக் கோடையில ஒன்பதரை, மாரியில பத்தரை. நித்திரை தூங்குற பெடியனிட்டைத்தான் பெரிய கடதாசியைக் குடுக்க வேணும், அவன் வாய் திறக்காமல் ஆட்டம் தொடங்காமல் இருக்க. அதோடை ஆச்சியின்ரை விபரம் நாலு வரி எழுத்துத்தானே. வட்ஸ்அப்பில முதலே அனுப்பிவிடலாம், அவன்ரை டேற்றாவும் கரையாது. உன்ரை வகுப்பில நல்லா இங்கிலீசு வெளுத்து வாங்குற ஒருத்தி இருக்கிறாளே, அவளிட்டை ஆகக் குறைஞ்ச கடதாசியைக் குடு. அவள் கேள்வி கேட்டே சாக வேணும். அவளுக்கும் நல்லது, காது குத்தி வச்சது எதுக்கெண்டு விளங்கும்.

கொஞ்சம் முன்னேறினவைக்கு வேறை மாதிரிச் செய்யலாம். அமெரிக்காவில ஒஸ்ரின் நகரத்தில 1971 இல எலியற் அரன்சன் எண்டவர் ஒரு வேலை செய்தவர். அந்த நேரம் வெள்ளை, கறுப்பு, லத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளையளைப் புதுசா ஒரே வகுப்பில இருத்தின காலம், ஒருத்தரையொருத்தர் கண்ணில காட்ட ஏலாது. அவர் பாடத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஆளுக்கொரு துண்டைக் குடுத்து, ஒருத்தன் படிப்பிக்காமல் மற்றவன் பாஸ் பண்ண ஏலாத மாதிரிச் செய்துபோட்டார். மூக்கைச் சுழிச்சவன் காதைக் குடுக்க வேண்டி வந்திட்டுது.

சூக்கில அதுக்கு விசயமில்லையோ? 1887 யூலை 5 ஆம் திகதி, இந்த ஏரிக்கரையில ஃபோர்ஷ்டட் பகுதியில வீடுகள் வரிசையா ஏரிக்குள்ளை சரிஞ்சு 11 பேர் செத்தவை. 1435 இல பழைய நகரத்தின்ரை ஒரு தெருவே அப்பிடிப் போனது. ஒருத்திக்கு 1435 ஐக் குடு. ஒருத்தனுக்கு 1887 இல அந்த நாள் நடந்ததைக் குடு. இன்னொருத்தருக்குக் கரையின்ரை நிலத்தைக் குடு: கல்லில்லை, ஏரி கொண்டுவந்து போட்ட மெல்லிய வண்டல். நாலாம் ஆளுக்கு அந்தக் காலத்தில கரையில நடந்த அணைகட்டு வேலையைக் குடு. 'ஏன் சரிஞ்சது, இனி அங்கை வீடு கட்டுறதெண்டால் என்ன கவனிக்க வேணும்?' எண்டு கேள். நாலு துண்டும் சேராமல் மறுமொழி வராது. துண்டை முதல்நாளே அனுப்பிவிடு. வகுப்பு நேரத்தில அறை மாத்தி மாத்தி ஆக்களை அலைக்கழிச்சால் பாதி நேரம் 'நீங்கள் இணைக்கப்படுகிறீர்கள்' எண்ட பலகையைப் பாத்துக்கொண்டிருப்பினம்.

ஒரு அறைக்கு எத்தனை பேர்? ஆறு பேரை, ஏழு பேரைப் போட்டால் அறை குறையும், உனக்கு வேலை குறையும் எண்டு நினைப்பாய். பிரான்சில மாக்ஸ் றிங்கெல்மான் எண்டொரு விவசாயப் பொறியியலாளர், எங்கடை சாதிசனம் எண்டு வையன், ஆக்களை விட்டுக் கயிறு இழுப்பிச்சுப் பாத்தவர். 1913 இல எழுதினவர். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கேக்கை ஆளுக்கு அரைவாசிப் பலமளவுதான் போகுதாம். மற்றவன் இழுப்பான்தானே எண்ட நம்பிக்கை! இதை அறிய அவர் கயிறு வாங்கியிருக்கத் தேவையில்லை, எங்கடை கோயில் தேருக்கு வந்திருந்தால் காணும்: வடத்தில கை வச்சிருக்கிறவையில எத்தனை பேர் இழுக்கினம், எத்தனை பேர் போட்டோவுக்கு நிக்கினம் எண்டு சாமிக்குத் தெரியும். மூண்டு பேரைப் போடு, மிஞ்சினால் நாலு. ரண்டு பேராவும் விடாதை. ஒருத்தன்ரை நெற் விழுந்தால் மற்றவன் சுவரோடை கதைக்க வேண்டி வரும்.

உள்ளுக்கை அனுப்ப முந்திச் செய்யிறதுதான் பாதி வேலை. நீ பெரிய அறையில திரையில காட்டின படம் அவையளோடை சின்ன அறைக்குள்ளை தானாப் போகாது. நீ நெற்றி வேர்க்க விளங்கப்படுத்தினதும் போகாது. அதாலைதான் உள்ளுக்கை போன உடனை, 'என்ன செய்யச் சொன்னவா?' எண்டு முழிக்கினம். பிரபு இதுக்கும் ஒரு வழி வச்சிருந்தவர். முதலில எல்லாரையும் வச்சுக்கொண்டு ஒரு தரம் செய்து காட்டுறது, பிறகு அதே மாதிரி வேறொண்டை அவையளை விட்டுச் செய்விக்கிறது. நீயும் முதலில ஒரு ஆச்சியை எல்லாரோடையும் சேர்ந்து மலைக்கு அனுப்பு. அடுத்த ஆச்சியை அவையள் தனிய அனுப்பட்டும். ஒவ்வொரு அறைக்கும் கூகிள் சிலைட்டில ஒரு பக்கம் திறந்து விடு: கேள்வி மேலை, மறுமொழி எழுத வெறும் பெட்டி கீழை. அவையள் எழுத எழுத உனக்கு வெளியில இருந்தே தெரியும். எந்தப் பெட்டி வெறுமையா கிடக்குதோ அந்த அறைக்கு மட்டும் போ. சும்மா ரவுண்ட்ஸ் போகாதை. நீ தலையைக் காட்டின உடனை கதை நிண்டுபோகும், எல்லாரும் உன்ரை முகத்தைப் பாப்பினம். உதவி கேக்கிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு எண்டு சொல்லி வை. நேரத்தையும் சொல்லி விடு. பத்து நிமிச வேலைக்கு எட்டு நிமிசம் குடு. கொஞ்சம் காணாமல் வந்தால்தான் அவசரம் வரும், அவசரம் வந்தால்தான் வாய் திறக்கும். இலவசச் சூம் நாப்பது நிமிசத்தில வெட்டுது எண்டு குறை சொல்லுறாயாம். விடு, உன்ரை பிரசங்கத்தை வெட்ட வீட்டில வேறை ஆரும் துணியினமோ?

இன்னொண்டு, மறைக்கக் கூடாது. நான் இவ்வளவு தூக்கிப் பிடிச்ச அந்தப் பிரபு, பிள்ளையளைக் குழுவா விடுறதை விரும்பேல்லை. ஒருத்தன்ரை பிழை இங்கிலீசைக் கேட்டு மற்றவனும் அதையே பழகிப்போவான் எண்டது அவற்றை பயம். நியாயமான பயம்தான். உன்ரை அறைக்குள்ளை 'ஐ ஆம் கோ' எண்டு ஒருத்தன் தொடங்கினால், வகுப்பு முடியிறதுக்குள்ளை எல்லாரும் 'ஐ ஆம் கோ' தான். ஆனால் பன்னிரண்டு பேர் வகுப்பு முழுக்க வாய் திறக்காமல் இருந்தால், பிழை வராதுதான், இங்கிலீசும் வராது. ரண்டையும் சமாளிக்கிற வழி, அவையள் திரும்பி வந்த பிறகுதான் இருக்கு. அவையள் எழுதின பக்கத்தில இருந்து ஒரு மூண்டு வசனத்தை எடு. ஆர் எழுதினது எண்டு சொல்லாதை. எல்லாருக்கும் முன்னாலை போட்டு, 'இதை இன்னும் வடிவாச் சொல்லுங்கோ பாப்பம்' எண்டு விடு. மற்றவன்ரை பிழையைத் திருத்துறதில எங்கடை சனத்துக்கு இருக்கிற ஆர்வத்தை ஏன் வீணாக்குவான்?

தமிழ் கதைச்சால் குற்றம் எண்டு பொலிஸ் வேலையும் பாக்காதை. முதல் ஒரு நிமிசம் தமிழில குசுகுசுத்து என்ன செய்யிறதெண்டு விளங்கிக்கொள்ளட்டும். கடதாசி கைமாறுறது மட்டும் இங்கிலீசில நடக்க வேணும், பெட்டியில எழுதுறதும் இங்கிலீசில.

திரும்பி வந்த உடனை, 'குழு ஒண்டு, நீங்கள் என்ன கதைச்சனீங்கள்? குழு ரண்டு, நீங்கள்?' எண்டு தேவாரம் பாடுற வரிசையில கேக்காதை. ஒரு குழு சொல்லேக்கை மற்றக் குழு காச்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை போனைத் தடவும். ஒவ்வொரு அறைக்கும் வேறை வேறை ஆச்சியைக் குடுத்து வை. ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்குப் பயித்தியமா ஐஸ்கிறீம் ஆசை, ஒருத்திக்கு மூண்டு பேரப்பிள்ளையள். ஆற்றை ஆச்சி கையில கூடக் காசோடை வீடு வந்தவா எண்டு கேள். இப்ப மற்றக் குழு சொல்லுறதைக் காது குடுத்துக் கேட்டே ஆக வேணும், அவை களவெடுக்கினமோ எண்டு பிடிக்க. 'நோ, சில்ட்ரன் டிக்கெட் யூ ஃபொர்கெட்!' எண்டு ஒருத்தி பாய்வாள். அப்ப நீ ஒண்டும் செய்யாதை. மைக்கை நிப்பாட்டு. நாலு பேர் இங்கிலீசில சண்டை பிடிக்கினம், அவை நெஞ்சில தட்டித் தங்கடை ஆச்சிக்காக வழக்காடுகினம், நீ நடுவில புகுந்து 'வெரி குட்' எண்டு சொல்லி அதைக் கெடுக்காதை.

வாத்தியார் வேலையில ஆகக் கஷ்டமானது அதுதான் பிள்ளை, தெரிஞ்ச விசயத்தைத் தெரியாத மாதிரி, வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அதுக்குத் தனிப் பொறுமை வேணும். உனக்கு அது இருக்கு எண்டு இவ்வளவு நேரம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததிலயே விளங்குது. என்னட்டை இருக்கோ எண்டு கேக்காதை, பெரியம்மா பக்கத்தில நிண்டு சிரிக்கிறா.